முத்தாண்டிக்குப்பம் வரை பேசிக்கொண்டே போனவர்

உலகத்திலேயே உட்காரத் தெரியாத ஒரே மனிதர் நெய்வேலியில் எங்கள் பிளாக்கில்தான் குடியிருந்தார். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘கிளம்பியாச்சு’ சார் என்றால் மைன்ஸுக்கே தெரியும். காப்பியை நின்றபடியே வாயில் கவிழ்த்து, டம்ளரைக் கீழே வைப்பதற்குள் “கிளம்பியாச்சு!” என்பார். சினிமாவில் இடைவேளைக்கு மேல் இருந்ததில்லை. எந்தக் கதாநாயகி யாரைக் கட்டிக்கொண்டாள் என்பதே அவருக்குத் தெரியாது.

நகரியம் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. வைத்த மரமெல்லாம் இடுப்பு உயரம்தான். அவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, ஆடி அசைந்து மண் வெட்டும் பெரிய இயந்திரத்தில். “ஷிப்ட் முழுக்க அதுமேல உக்காந்தா உடம்பெல்லாம் ஊறுது தம்பி” என்பார். அந்த ஊறலைத் தீர்க்க, பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஒரு பூதாகாரமான மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அவர் எகிறிக் குதித்து அதை உதைத்தால் அடுத்த குவார்ட்டர்ஸில் என் பாத்திரங்கள் உருளும். ஆஃப் நாளென்றால் புதுச்சேரி, திருச்சி என்று பறந்துவிடுவார். எதற்கு என்று கேட்டால், “சும்மாதான்.”

அவர் மனைவி கமலா அக்காவுக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். கல்யாணமாகி வந்த இடத்தில் சொந்தபந்தம் கிடையாது. ஆஃப் நாளில் புருஷனும் கிடையாது. ஒருநாள் வெடித்துவிட்டார்.

“அடுத்த ஆஃபுக்கும் என்னையத் தனியா விட்டுட்டுப் போனீங்கன்னா, அண்ணனை வரச்சொல்லி ஊருக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன். அந்த வண்டியையே கட்டிக்கிட்டு அழுங்க!”

மனுஷர் ஆடிப்போய்விட்டார். அடுத்த ஆஃபுக்கு ஜோடியாகப் பண்ருட்டி என்று முடிவாயிற்று. வண்டி உயரத்துக்கு அக்காவுக்குக் கால் எட்டாது. முக்காலி போட்டோம். அக்கா அதில் ஏறி, சேலையைச் சேர்த்துப் பிடித்து, சீட்டில் கை வைத்ததுதான் தாமதம்.

“கிளம்பியாச்சு!”

வண்டி பறந்தது. அக்கா முக்காலிமேல் நின்றார். நான் தொண்டை கிழியக் கத்தியும் அந்தச் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்?

வழியெல்லாம் அக்காவிடம் பேசிக்கொண்டே போயிருக்கிறார். முத்தாண்டிக்குப்பத்தில் நிறுத்தி, “ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை கம்மி” என்றாராம்.

“ரெண்டு யாருக்குங்க?” என்றார் டீக்கடைக்காரர். “வர்றப்பவே பாத்தேன், தனியா பேசிகினு, சிரிச்சிகினு வர்றீங்க. காத்து கருப்பு எதனா அடிச்சிருச்சா?”

திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக வாசற்படியில் உட்கார்ந்தார்.

“அவ ஏறலைன்னே எனக்குத் தெரியல தம்பி. அந்த வண்டிக் கனத்துல பின்னாடி ஆள் இருக்கா இல்லையான்னே தெரியல.”

“நான் இருக்கேனா இல்லையான்னு உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சது?” என்றார் அக்கா, உள்ளேயிருந்தே.

அண்ணனுக்குச் சேதி போய்விட்டது. அந்த வாரமே சார் பெரிய வண்டியை நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டு, குட்டையாக, லேசாக ஒன்றை ஓட்டிவந்தார். தெருவே சிரித்தது. “தும்முற மாதிரி சத்தம் போடுதே தம்பி!” என்று அவரே தவித்தார். ராத்திரியெல்லாம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அண்ணன் வந்தார். அக்காவின் டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

“ஒரே ஒரு ரவுண்டு, கமலா. அப்புறம் உன் இஷ்டம்.”

அக்கா வந்து பின்னால் உட்கார்ந்தார். முக்காலி தேவைப்படவில்லை.

“போலாமா?” என்று கேட்டுவிட்டு மெல்ல நகர்த்தினார். அக்கா லேசுப்பட்டவரா? சத்தமில்லாமல் காலை ஊன்றி இறங்கிக்கொண்டார்.

வண்டி ஓர் ஆள் நீளம்கூடப் போகவில்லை. சட்டென்று நின்றது. முகம் வெளுத்துத் திரும்பினார்.

“ஏன் கமலா எறங்கிட்ட?”

அக்கா சிரித்தாரா, அழுதாரா, சொல்லத் தெரியவில்லை. ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

இருவரும் திரும்பிவரச் சாயங்காலமாகிவிட்டது. அண்ணனுக்கு நான்தான் சோறு போட்டேன். கல்யாணமே வேண்டாம் என்று வீட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவன் நான். பதறித் திரும்பிய அந்த மனுஷர் முகத்தைப் பார்த்த பிறகுதான், எனக்கும் ஒருத்தி வேண்டும் என்று தோன்றியது.