மாடி வீட்டு அக்காவைக் காணவில்லை

"வீட்டில் அந்த நேரத்தில் வேறு யாருமே இல்லையா?"

கைப்பேசியில் வந்த இந்தக் கேள்வியைச் சாவிக்காரர் இரண்டு தடவை படித்தார். கேட்டவர் பெயர் 'விழிப்பு'. கேட்கப்பட்டவர் பெயர் 'மாடி வீட்டு அக்கா'. அப்படி ஓர் அக்கா இந்த உலகத்திலேயே கிடையாது என்பதுதான் சிக்கல். அது சாவிக்காரரேதான்.

யோசனை மச்சினனுடையது. கடைத்தெருவில் எதிர்ப்பக்கம் கண்காணிப்புக் கேமரா விற்கிற கடை வந்ததிலிருந்து சாவிக்காரர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் மச்சினன் கல்லாவின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"மாமா, இப்பல்லாம் போர்டைப் பார்த்து யாரும் வர்றதில்ல. நம்ம ஏரியா ஆளுங்க நெட்ல ஒரு மன்றம் வெச்சிருக்காங்க. நல்ல டாக்டர் யாரு, பிளம்பர் யாருன்னு அங்கதான் கேட்டுக்கறாங்க. வாடிக்கையாளர் எழுதற மாதிரி நீங்களே உங்களைப் பத்தி எழுதிடுங்க."

"அது பொய்யில்லையாடா?"

"பொய்யில்ல மாமா. விளம்பரம்."

சாவிக்காரர் பூட்டைத் தவிர வேறு எதையும் ஏமாற்றியதில்லை. ஆனாலும் கடையை மூடிவிடுவோமோ என்ற பயம் அவரை எழுத வைத்தது.

'வெளியே போய்விட்டு வந்தால் சாவியைக் காணோம். கடைத்தெரு சாவிக்காரரைக் கூப்பிட்டேன். ஓடி வந்தார். ஒரு கீறல் விழாமல் கதவைத் திறந்துவிட்டார். என்ன பதமான கை! தண்ணீர் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார். தங்கமான மனிதர்.'

மன்றத்தில் போட்டதைத் திரும்பப் படித்துப் பார்த்தார். தங்கமான மனிதர் என்ற இடத்தில் அவருக்கே லேசாகக் கண் கலங்கியது. அந்த நேரத்தில்தான் விழிப்பு குறுக்கே வந்து அந்தக் கேள்வியைக் கேட்டது.

பதில் சொல்லாமல் விட்டால் சந்தேகம் வரும். சாவிக்காரர் வேர்த்த விரலால் அக்காவாகப் பதில் எழுதினார். 'இல்லை. கணவர் வெளியூரில். நான் மட்டும்தான்.' தனியாக இருக்கிற பெண்ணே நம்பிக் கூப்பிடுகிறாள் என்று ஊருக்குப் புரியட்டும் என்பது அவர் கணக்கு.

விழிப்பு விடவில்லை. 'எவ்வளவு நேரம் இருந்தார்? உங்கள் வீடு எந்தத் தெரு? எத்தனையாவது மாடி?'

அதற்குள் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 'ஒரு கீறல்கூட விழாமலா? அப்படியானால் திறந்ததே யாருக்கும் தெரியாதே!' என்றார் ஒருவர். 'போன மாதம் எங்கள் வீட்டில் கைக்கடிகாரம் காணாமல் போனது. பூட்டு உடையவே இல்லை' என்றார் இன்னொருவர். சாவிக்காரருடைய இத்தனை வருடத் தொழில் சுத்தத்தை ஒரே பத்தியில் அவரே குழிதோண்டிப் புதைத்திருந்தார்.

"பயப்படாதீங்க மாமா. இன்னொருத்தரை இறக்குங்க" என்றான் மச்சினன். "கொஞ்சம் வயசானவரா, மதிப்பா இருக்கட்டும்."

அப்படிப் பிறந்தவர்தான் 'ஓய்வுபெற்ற கணக்காளர்'. அவர் எழுதினார். 'சாவிக்காரர் பல வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர். எந்த அறையில் என்ன இருக்கிறது என்பது வரை அவருக்குத் தெரியும். ஓர் ஊசிகூடக் காணாமல் போனதில்லை.'

'எந்த அறையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எதற்குத் தெரிய வேண்டும்?' என்று மன்றமே அலறியது. விழிப்பின் கேள்வி மட்டும் தனி ரகமாக இருந்தது. 'ஐயா, மாடி வீட்டு அக்காவை உங்களுக்குத் தெரியுமா?'

சாவிக்காரர் அவசரமாகத் தட்டினார். 'தெரியும். லட்சணமான பெண். பொய் சொல்ல மாட்டார்.'

'அடையாளம் சொல்லுங்கள். நிறம், உயரம், வயது எல்லாம் வேண்டும்.'

சாவிக்காரர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். இது சாதாரண ஆள் கேட்கிற கேள்வி இல்லை. எதிர்க்கடையைப் பார்த்தார். கேமரா கடைக்காரர் வாசலில் நின்று பல்லெல்லாம் தெரியக் கையசைத்தார். அவர் கடைக்குள் கூட்டம். விழிப்பு யாரென்று சாவிக்காரருக்குப் பளிச்சென்று புரிந்துபோனது. புரிந்து என்ன செய்வது, போய்ச் சட்டையைப் பிடித்தால் 'அக்காகிட்ட கேட்டா உங்களுக்கு ஏங்க இவ்வளவு கோபம்?' என்று திருப்பிக் கேட்பாரே!

வீட்டுக்குப் போனபோது மனைவி கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"சுளுக்கிக்கிச்சு." தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். "இன்னைக்கு எங்கெல்லாம் வேலைக்குப் போனீங்க?"

இவள் காதுக்கும் விஷயம் வந்துவிட்டதோ என்று அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கயும் போகல. ஒருத்தரும் கூப்பிடல."

"ஒருத்தரும் கூப்பிடல" என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

"தலையணையை மாத்திப் பாரு, கழுத்து சரியாயிடும்" என்றார். சாப்பாட்டில் உப்பே இல்லை. இருந்த கலக்கத்தில் அவருக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் மூன்றாவது ஆள் பிறந்தார். பெயர் 'பிள்ளைகுட்டிக்காரன்'. இந்த முறை எல்லாரையும் ஒரேயடியாக நிம்மதிப்படுத்திவிட வேண்டும் என்று சாவிக்காரர் யோசித்து யோசித்து எழுதினார். 'சாவியைத் தொலைத்தாலும் எனக்குக் கவலையில்லை. ஒவ்வொரு வீட்டுச் சாவிக்கும் ஒரு நகல் எடுத்து அவரே கடையில் பத்திரமாக வைத்திருக்கிறார்.'

அரை மணி நேரத்தில் ஓர் அம்மாள் மூச்சு வாங்கக் கடை ஏறினார்.

"எங்க வீட்டுச் சாவியோட நகலைக் குடுங்க."

"நகல்லாம் எங்கிட்ட இல்லைங்கம்மா. சத்தியமா இல்ல."

"இல்லையா? அப்ப யார்கிட்ட குடுத்தீங்க?"

சாவிக்காரர் கல்லாப்பெட்டியைத் திறந்து காட்டினார். அந்த அம்மாள் ஓர் அடி பின்வாங்கி, திரும்பி, நேராக எதிர்க்கடைக்கு நடந்தார். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். எல்லாருக்கும் இதே கேள்வி, எல்லாருக்கும் இதே பதில். கடைசியில் வந்தவர் பேசவேயில்லை. கைப்பேசியில் சாவிக்காரரைப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார். திருடன் என்று பெயர் வாங்கிய பூட்டுக்காரனிடம் எவன் சாவியைக் கொடுப்பான்? இந்தத் தொழில் தவிர சாவிக்காரருக்கு வேறு எதுவும் தெரியாது.

"மூணு பேரையும் அழிச்சிடுங்க மாமா" என்றான் மச்சினன். அவன் குரலிலும் இப்போது சுரத்தில்லை. "வேரோட அழிச்சிடுங்க. எழுதின ஆளே இல்லன்னா பேச்சு தன்னால அடங்கிடும்."

கடையின் கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஒவ்வொருவராக அழித்தார். முதலில் பிள்ளைகுட்டிக்காரன், பிறகு கணக்காளர், கடைசியாக மாடி வீட்டு அக்கா. அக்காவை அழிக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. தங்கமான மனிதர் என்று அவரை வேறு யாரும் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் வீடே வேறு மாதிரி இருந்தது. மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பரிமாறினாள். வேண்டாம் வேண்டாம் என்றாலும் இன்னும் ஒரு கரண்டி போட்டாள். "கழுத்து எப்படியிருக்கு?" என்று கேட்டார். "விட்டுப் போச்சுங்க" என்று சிரித்தாள். விட்டது பீடை என்று சாவிக்காரரும் நினைத்துக்கொண்டார்.

காலையில் கடையைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் மன்றத்தை எட்டிப் பார்த்தார். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'மாடி வீட்டு அக்காவைக் காணவில்லை!'

மன்றத்தை நடத்துகிற பெரியவரே எழுதியிருந்தார். 'மூன்று பேர் சாவிக்காரரை வீட்டுக்குள் விட்டதாக இங்கே எழுதினார்கள். மூவரும் ஒரே நாளில் மாயமாகிவிட்டார்கள். அந்த அக்காவின் கணவரோ வெளியூரில். காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.'

கீழே ஒரு பெண் எழுதியிருந்தாள். 'நான் பக்கத்து வீடுதான். தினமும் மாடியில் துணி காயப்போடுவார். நேற்றிலிருந்து கொடியில் துணியே இல்லை.' அதற்கும் கீழே ஒருவர், 'கணக்காளர் ஐயா பூங்காவில் என்னோடு நடப்பவர். இன்று அவருடைய பெஞ்சு காலியாக இருந்தது. அழுதுவிட்டேன்' என்றார்.

ஐயோ, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு கணம் சாவிக்காரரே பதறிப்போனார். பிறகுதான் அந்தப் பெண் தான்தான் என்பது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தபோது கடை வாசலில் போலீஸ் வண்டி நின்றது.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார். சாவிக்காரர் நுனியில் உட்கார்ந்தார். அந்த அறைப் பூட்டு பழைய பூட்டு, ஹேர்பின் போதும் என்று மனம் தன்பாட்டுக்குச் சொன்னது. அதை நினைத்ததற்காகவே இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் ஊரை ஏமாற்றியவன் என்று தொழில் போகும். சொல்லாவிட்டால் மூன்று கொலைப் பழி தலையில் விழும்.

"மூணு பேரும் எங்கங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அழிச்சிட்டேன் சார்."

ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்த பெண் காவலரின் பேனா நின்றது.

"மூணு பேரையுமா?"

"ஆமா சார். மச்சினன்தான் சொன்னான், வேரோட அழிச்சிடுங்கன்னு."

"எதால?"

"கட்டை விரலால சார்."

இன்ஸ்பெக்டர் எழுந்தே நின்றுவிட்டார். அதைக் கண்டதும் சாவிக்காரருக்குள் தேக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. கைப்பேசியை மேஜையில் வைத்து, "நான்தான் சார் அக்கா! நான்தான் சார் கணக்காளர்! பிள்ளைகுட்டிக்காரனும் நான்தான்! கடை ஓடல சார், பயந்துபோய் எழுதிட்டேன்!" என்று தேம்பித் தேம்பிச் சொல்லி முடித்தார். வாசல்வரை கேட்டிருக்கும்.

இன்ஸ்பெக்டருக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"யோவ், அப்ப மாடியில துணி காயப்போட்டது யாரு?"

"அதுதான் சார் எனக்கும் புரியல."

"சரி. இதையெல்லாம் முதல்ல கிளப்பினது அந்த விழிப்பு. துருவித் துருவிக் கேட்டிருக்காங்க. ஏதாவது விவரம் தெரியுமோன்னு அவங்களையும் வரச் சொல்லியிருந்தேன். வெளியதான் உட்கார்ந்திருக்காங்க."

"அது எதிர்க்கடை கேமராக்காரர் சார்!" சாவிக்காரருக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. "என் பொழைப்பைக் கெடுத்து அவர் யாவாரம் பண்ணிட்டாரு. அவர் மூஞ்சியை நான் பார்க்கணும் சார்."

"பாருங்க" என்று இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். பெண் காவலர் போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே வந்தது அவர் மனைவி.

"நீ எதுக்கும்மா இங்கெல்லாம் வந்தே?" என்று சாவிக்காரர் பதறி எழுந்தார். இவளும் போலீஸ் படியேற வேண்டி வந்துவிட்டதே என்று அவருக்கு அவமானமாக இருந்தது.

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. சிவந்த கண்ணோடு புருஷனையே பார்த்தபடி, ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"சிரிச்சுக்கிட்டே தண்ணி வாங்கிக் குடிச்சாருன்னு எழுதினது நீங்களேதானா? அவ எத்தனையாவது மாடின்னு தெரியாம, தெருத் தெருவா அண்ணாந்து பார்த்துப் பார்த்துத்தாங்க எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு!"