பெஞ்சுகளுக்குப் பனியன்

எங்கள் பள்ளியில் தேர்வு வினாக்களை வாசிப்பார்கள், பிள்ளைகள் கேட்டு எழுத வேண்டும். செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு மட்டும் வினாக்களை எழுதியே கொடுக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வேண்டுமென்றால் காது கேட்கக் கூடாது. ஒன்பதாம் வகுப்பு ஜோதிக்குக் காது நன்றாகக் கேட்டது. சிக்கலே அதுதான். இரைச்சலுக்குள்ளிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க அவளால் முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குச் சான்றிதழ் இல்லை.

திருப்பூரில் மின்வெட்டைக் கொண்டாடிய ஒரே மனிதர் அவளுடைய கணக்கு வாத்தியார். பள்ளிச் சுவரை ஒட்டிப் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனி. கரண்ட் போனால் ஊரே திட்டும். இவர் முகம் மலரும். "ஜெனரேட்டர் போடறதுக்குள்ள கேட்டுக்க கண்ணு" என்று அரைப் பாடத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுவார். கரண்ட் இருந்தால் சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திவிடுவார். வகுப்பே வெந்தது. பிறகு ஒருநாள் கம்பெனியின் கட்டிங் வேஸ்ட் துணியை மூட்டையாகக் கொண்டுவந்து, பெஞ்சுக் கால்களுக்கெல்லாம் உறை மாட்டினார். நகர்த்தினால் கிறீச்சிடக் கூடாதாம். அன்றிலிருந்து அவர் பனியன் வாத்தியார்.

"பெஞ்சுக்குப் பனியன் போட்டாச்சு. போர்டுக்கு ஜட்டிங்களா?" என்றார் தலைமையாசிரியர்.

"சைஸ் கிடைக்கலீங்க சார்."

பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகும் ஜோதியின் அம்மா தென்காசிப் பக்கத்துக்காரர். அலுவலகக் கண்காணிப்பாளரான என் மேசை முன் வந்து நின்றார். "காது நல்லா கேக்குங்காவ. பெறவு ஏன் சார் முழிக்கா? மறுதேர்வுலயும் போச்சுன்னா கம்பெனிக்குத்தான் கூட்டிட்டுப் போவணும்."

வினாக்களை எழுதித்தர அனுமதி கேட்டு வாத்தியார் மேலிடத்துக்கு மனுப் போட்டார். நான் எண் போட்டு அனுப்பினேன், நினைவூட்டலும் அனுப்பினேன். பதில் இல்லை. வினாக்களைத் தானே வாசிக்கப்போவதாகத் தலைமையாசிரியர் அறிவித்துவிட்டார்.

மறுதேர்வன்று பார்த்துக் கரண்ட் போகவில்லை. சுவருக்கு அப்பால் மெஷின்கள் இரைந்தன. வாத்தியார் வியர்த்துப்போய் என்னிடம் வந்தார். "ஏனுங்க, கம்பெனியில டீக்கு மெஷினை நிறுத்துவாங்க. அதுவரைக்கும் ஹெட்மாஸ்டரைப் புடிச்சு வைக்க முடியுமுங்களா?"

வினாத்தாள் உறையைச் சாட்சியில்லாமல் பிரிக்கக் கூடாது என்றேன். சாட்சி வந்தார். முத்திரை சேதமில்லை என்று பதிவேட்டில் எழுத வேண்டும் என்றேன். தலைமையாசிரியர் எழுதினார். மை நீலமா, கறுப்பா என்று விதிப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் எப்பங்க?"

"அதுக்கும் ஒரு படிவம் இருக்குதுங்க சார்."

டீ மணி அடித்தது. மெஷின்கள் ஓய்ந்தன. பனியன் வாத்தியார் விசிறியை நிறுத்தினார். ஒரு பெஞ்சும் முனகவில்லை. தலைமையாசிரியர் வாசித்தார். என்ன சொன்னார்கள் என்று பக்கத்துப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் ஜோதி எழுதியதை அன்றுதான் பார்த்தேன்.

அவள் தேறிய பிறகு மேலிடத்துப் பதில் வந்தது: காது கேட்பதால் சலுகை இல்லை. வாத்தியார் அதை வாங்கி நாலாக மடித்து, ஜோதியின் புது வகுப்பில் ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுக் காலுக்கு அடியில் வைத்தார். "இனிச் சத்தம் வராதுங்க."

அது அலுவலக ஆவணம். முறைப்படி நான் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். கோப்பில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதி, பதில் வந்த நாளையும் குறித்து வைத்தேன்: ஜோதி பத்தாம் வகுப்பில் உட்கார்ந்த முதல் திங்கட்கிழமை.