கரியனுக்குக் கிடைத்த நிரந்தர வேலை

நெருப்பு, சக்கரம், மின்சாரம் ஆகிய மூன்றுக்கும் பிறகு மனித குலம் எடுத்து வைத்த நான்காவது அடி, ஓசூரில் பேரிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு எடுத்து வைக்கப்பட்டது. அன்றுதான் மனிதவள மேலாளர் விமல்ராஜ், கேட்டில் படுத்துக் கிடக்கும் நாயின் மனத்துக்குள் முதன்முறையாக நுழைந்தார். உள்ளே கூட்டம் இல்லாததால் சிரமம் இருக்கவில்லை.

இந்த வித்தை அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. வளர்ப்புப் பிராணிகளோடு வாய் திறக்காமல் மனத்தாலேயே பேசுவது எப்படி என்று பெங்களூரில் காவியா என்ற அம்மையாரிடம் மூன்று நாள் பயிற்சி எடுத்திருந்தார். முதல் நாள் எல்லாரும் கண்ணை மூடினார்கள். இரண்டாம் நாள் மூடியபடியே இருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு முயல் விமல்ராஜைப் பார்த்து, 'நீங்கள் ரொம்ப நல்லவர்' என்று மனத்தால் சொன்னது. பதினாறு வருஷ மனிதவளப் பணியில் அவரிடம் யாரும் சொல்லாத வார்த்தை. மனிதர் அழுதுவிட்டார்.

கேட்டு நாயின் பெயர் கரியன். ஆறு வருஷத்துக்கு முன் கர்நாடக எல்லையிலுள்ள ஜூஜுவாடியிலிருந்து ஒரு லாரியின் பின்னாலேயே ஓடி வந்து கேட்டருகே படுத்தது. அதன் பிறகு சாப்பாட்டுக்குத் தவிர எழுந்ததில்லை. இங்கேதான் ஒரு 'தொழில்நுட்பச் சிக்கல்' முளைத்தது. எல்லையோரத்து நாயாகையால் கரியன் கன்னடத்தில் நினைத்தது. விமல்ராஜுக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. எனவே செக்யூரிட்டி கங்கப்பன் கூடுதல் பொறுப்பாக 'மனமொழிபெயர்ப்பாளர்' ஆக்கப்பட்டார்.

"ஊட்டன்னு ஏதோ வருது, கங்கப்பா."

"சோறு கேக்குதுங்க சார்."

"இப்ப வட்டமா ஒரு பிம்பம் தெரியுது."

"அது பிஸ்கட்டுங்க சார். அதுவும் சோத்துக் கணக்குதான்."

"பொறு. இப்ப ரொம்ப ஆழத்துலேர்ந்து வருது. வார்த்தையே இல்ல."

கங்கப்பன் எட்டிப் பார்த்தார். "தூங்கிருச்சுங்க சார்."

அன்று முதல் கரியனின் குறைகள் உடனுக்குடன் தீர்க்கப்பட்டன. வெயில் சுடுகிறது என்று அது நினைத்தது. மறுநாள் கூரை வந்தது. புழுங்குகிறது என்று நினைத்தது; மின்விசிறி வந்தது. உள்ளே உலை பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள் நாலு வருஷமாக அதே மின்விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்த பிழை, வாய்விட்டுக் கேட்டதுதான். அவர்களில் கெட்டிக்காரர்கள் சிலர் கேட்டுக்குப் போய் நாயின் காதில் குறையைச் சொல்லிப் பார்த்தார்கள். 'சக ஊழியரின் சிந்தனைக்கு இடையூறு' என்று ஆளுக்கொரு மெமோ கிடைத்தது.

அடுத்து வந்தது வரலாற்றில் பொறிக்க வேண்டிய கட்டம். கரியனின் உள்ளத்தில் நிரந்தர வேலை பற்றிய ஏக்கம் இருப்பதாக விமல்ராஜ் மேலிடத்துக்குத் தெரிவித்தார். விதியும் அதற்கு இடம் கொடுத்தது. விட்டுப்போகாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். மனிதர்கள் விஷயத்தில் இந்தத் தொல்லை வரக்கூடாதென்று, ஒப்பந்த ஆட்களுக்குப் பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை பத்து நாள் 'பிரேக்' விட்டு, மறுபடி புது ஆளாகச் சேர்ப்பது வழக்கம். நாய்க்குப் பிரேக் விட யாருக்கும் தோன்றவில்லை. ஆறு வருஷமும் அது தொடர்ந்து படுத்திருந்தது. கேஸ் வலுவாக இருந்தது.

கூட்ட அறையில் நடந்த ஆணை வழங்கும் விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் சரிதாவே வந்திருந்தார். 'கருணை மிகுந்த பணியிடம்' என்ற விருதுக்கு இந்தத் தொழிற்சாலையைத்தான் சிபாரிசு செய்வதாக உத்தேசம். கரியனுக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். அது மாலையில் பாதியைத் தின்றது.

"ரொம்ப நெகிழ்ந்து போயிருக்கார், மேடம்" என்று விமல்ராஜ் விளக்கினார்.

டீ கொண்டு வந்த மாதேஸ்வரி, தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். மத்திகிரியில் வாடகை வீடு, கேன்டீனில் எட்டு வருஷ ஒப்பந்த வேலை, எட்டு பிரேக். பிரேக் என்பதற்காகக் கேன்டீன் அடுப்பை அணைக்க முடியுமா? அந்தப் பத்து நாளும் பதிவேட்டின்படி பொற்கொடி என்ற வேறொரு பெண் வந்து சமைப்பாள். பொற்கொடி மாதேஸ்வரியின் சேலையையே கட்டியிருப்பாள். மாதேஸ்வரியின் முகத்தையே வைத்திருப்பாள். அடுத்த மாதம் கேன்டீன் வேறு காண்ட்ராக்டர் கைக்குப் போகிறது. நிரந்தரமானவர்களுக்கு மட்டும்தான் அதன் பிறகும் வேலை.

"சார், ஒண்ணு கேக்கணுங்க."

"மனுவா எழுதிக் குடும்மா."

"உங்ககிட்ட இல்லீங்க. கரியன்கிட்ட. நீங்க கேட்டுச் சொன்னாப் போதும்."

சரிதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேளுங்கம்மா. இந்த மாதிரி உறவுதான் எங்களுக்கு வேணும்."

"தெனமும் அதுக்கு யாரு சோறு வெக்கறதுன்னு கேளுங்க சார். நடுவுல ஒரு நாளாச்சும் அவ வராம இருந்தாளான்னும் கேளுங்க."

விமல்ராஜ் மனத்துக்குள் கணக்குப் போட்டார். நாயின் வாக்கு அந்தத் தொழிற்சாலையில் சாதாரண வாக்கா? அதை நம்பிக் கூரை போட்டாயிற்று, ஆணையும் அச்சடித்தாயிற்று. அது இப்போது மாதேஸ்வரியைக் கைகாட்டினால் பொற்கொடி காலி, மாதேஸ்வரி நிரந்தரம், அவளுக்குப் பின்னால் பிரேக் விடப்பட்ட நூற்று நாற்பது பேர் வரிசையில் வந்து நிற்பார்கள். நாய் பேசவில்லை என்றாலோ, விருதோடு அவருடைய பெங்களூர்ப் பயிற்சிச் சான்றிதழும் போய்ச் சேரும்.

கரியன் எழுந்தது. உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நேரே மாதேஸ்வரியின் காலடிக்குப் போய்ப் படுத்து, வாலால் தரையை அடித்தது.

"இன்னா சொல்லுதுங்க சார்?" என்றாள் அவள்.

"சார், இது கன்னடம் இல்லீங்க" என்றார் கங்கப்பன். "இத மொழிபெயர்க்க ஆளே வேணாம்."

"நீ சும்மா இருய்யா."

விமல்ராஜ் கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியிருந்தார். உள்ளே என்றைக்கும் போல ஒன்றும் கேட்கவில்லை. அந்த முதல் செவ்வாய்க்கிழமை தொடங்கி ஆறு மாதமாக ஒன்றும் கேட்டதில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் தெய்வக் களை சொட்டியது.

"கரியன் தெளிவா சொல்லிட்டார், மேடம். 'எனக்கு எத்தனையோ பேர் சோறு போட்டிருக்காங்க. இந்தம்மாவ நான் பார்த்ததே இல்ல.'"

சரிதா கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். வாசகம் ஒரு எழுத்துப் பிசகாமல் கூட்டக் குறிப்பில் ஏறியது.

மாதேஸ்வரி குனிந்து, நாயின் கழுத்தில் மிச்சமிருந்த மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "அது அப்படிச் சொல்லாதுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வெளியே போனாள். கரியனும் அவள் பின்னாலேயே போய்விட்டது. நிரந்தரப் பணி ஆணை வாங்க ஆளில்லாமல் கிடந்தது.

பிராணிகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று காவியா அம்மையாரின் பாடப் புத்தகமே சொல்கிறது. அதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் எட்டு வருஷம் கேன்டீனில் மாதேஸ்வரி கையால் வாங்கித் தின்றுவிட்டு, அவளைப் பார்த்ததே இல்லை என்று சொன்ன ஜீவன் ஒன்று அந்த அறையில் இருந்தது. அதற்கு வால் இல்லை.