எட்டு மில்லிமீட்டர் முதுகு

கணினித் திரையின் கீழ்மூலையில் 184 என்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்கேல் மறுபடி பார்த்தார். அப்போதும் 184தான். கண்ணாடிமேல் குற்றமில்லை.

இருக்க வேண்டியது 160 பக்கம்.

ஸ்கேல் என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. பேனா இருக்க வேண்டிய சட்டைப் பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை இருபது வருடமாகச் செருகிக்கொண்டு திரிந்ததில் பதிப்பகத்தில் நிலைத்துவிட்ட பெயர். புத்தகங்களுக்குப் பக்கம் கோப்பது அவர் வேலை. இதுவரை முந்நூறு புத்தகங்களாவது கோத்திருப்பார். ஒன்றையும் படித்ததில்லை. கேட்டால், "சமைக்கிறவன் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தா பந்தி எப்போ நடக்கறது?" என்பார்.

இந்த 184, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை. கால்நடை மருத்துவரான டாக்டரம்மா ஒருவர், முப்பத்து நான்கு வருடம் ஆடு மாடுகளோடு மல்லுக்கட்டியவர், இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதியிருந்தார். விடைபெறும் நாளில் கூட வேலை பார்த்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதுவும் ஏதோ பத்திரிகையில் பார்த்து மயங்கிய ஒரு புது எழுத்துருவில்.

"நம்ம பழைய சாஃப்ட்வேர்ல அது ஏறுமாய்யா?" என்று முதலாளி இழுத்தார்.

"ஏத்திடலாம் சார்!" என்று மார்தட்டியவர் நம் ஸ்கேல்தான்.

எழுத்துரு வந்தது. சிக்கலும் கூடவே வந்தது. பக்கம் கோக்கும் அந்தப் பழைய மென்பொருள் எழுத்தின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. 'க' எவ்வளவு அகலம், 'ணு' எவ்வளவு கீழே தொங்கும், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று ஓர் அளவுக் கோப்பில் இருக்கும் எண்களை மட்டும் நம்பி இடம் ஒதுக்கும். விருந்தாளிகளைக் கண்ணால் பார்க்காமல், சட்டை அளவை மட்டும் விசாரித்து நாற்காலி போடுகிற மாதிரி. புது எழுத்துருவின் அளவுக் கோப்போ வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தது. அதை மாற்றிக் கொடுக்கும் ஒரு குட்டி நிரலைத் தேடிப் பிடித்து, மாற்றி, புத்தகத்தை ஓடவிட்டார். 184 வந்தது.

'போனால் போகட்டும், 184 பக்கத்துக்கே போட்டுவிடலாமே' என்று யாரும் கேட்கலாம். அங்கேதான் ஸ்கேல் மாட்டிக்கொண்டிருந்தார். பழைய எழுத்துருவில் கணக்குப் போட்டு, 160 பக்கம்தான் என்று முடிவு கட்டி, பத்து நாளுக்கு முன்பே பைண்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்: 'டாக்டரம்மா புத்தகம். முதுகு 8 மி.மீ. அட்டை 2000.' பக்கம் கூடினால் புத்தகத்தின் தடிமனும், அதை மூடும் அட்டையின் முதுகும் கூடும். உள்ளே எத்தனை பக்கம் என்று தெரிவதற்கு முன் அட்டை அடிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பால பாடம். அவசரத்தில் அதைத் தாண்டிக் குதித்துவிட்டார். முதலாளிக்குத் தெரியாது.

அட்டை அச்சடித்து, தைத்து, ஒட்டிக் கொடுப்பது எல்லாமே அந்த பைண்டர்தான். ஸ்கேல் போன் போட்டார்.

"அண்ணே, டாக்டரம்மா அட்டை என்னாச்சு?"

"முடிஞ்ச மாதிரிதான் ஸ்கேலு."

"முதுகு எட்டுதானே?"

"நீ எழுதின சீட்டு என் கண்ணு முன்னாலேயே இருக்கு. உன் வேலைன்னா அசட்டையா விடுவேனா?"

ஸ்கேல் போனை வைத்தார். இரண்டாயிரம் அட்டை. 184 பக்கத்தை அதற்குள் திணித்தால், முதுகின் நடுவே நிற்க வேண்டிய தலைப்பு ஓரத்துக்கு ஒதுங்கும். 'எழுத்துருவும் நீ, அட்டையும் நீ, வீட்டுக்கும் நீயே போய்க்கோ' என்று முதலாளி சொல்லிவிடுவார். இனி ஒரே வழிதான். அட்டையைப் புத்தகத்துக்கேற்ற மாதிரி மாற்ற முடியாது. புத்தகத்தை அட்டைக்கேற்ற மாதிரி மாற்ற வேண்டும்.

டாக்டரம்மாவை அழைத்தார்.

"சொல்லுங்க தம்பி. ஒரு கை மாட்டுக்குள்ள இருக்கு, ஒரு கை ஃப்ரீதான்."

"புத்தகம் கொஞ்சம் நீளமா இருக்கு டாக்டரம்மா. ஒரு இருபத்தி நாலு பக்கம்."

மறுமுனையில் மாடு முனகியது. டாக்டரம்மா முனகவில்லை. "எதை எடுக்கணும்ங்கறீங்க?" என்றார்.

ஸ்கேல் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. படித்திருந்தால் அல்லவா பதில் சொல்ல? பொருளடக்கத்தைத் திறந்து, ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்கினார். இறங்கவே வேண்டியிருக்கவில்லை. முதல் வரி: வாழ்த்துரைகள், 1 முதல் 24 வரை.

"வாழ்த்துரைகளை எடுத்துடலாம்."

"பதினோரு பேர் வாழ்த்தியிருக்காங்க தம்பி. அதுல ஒருத்தர் என் சம்பந்தி."

"புத்தகத்துக்கு அது... தேவைப்படல டாக்டரம்மா."

முதலில் மாடுதான் பதில் சொன்னது.

"என் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். வீட்டுல இருக்கறவர் சொன்னா காதுல ஏறுதா? எடுத்துடுங்க. எடிட்டர் எடுத்துட்டார்னு சம்பந்திகிட்ட சொல்லிக்கறேன்."

எடிட்டரா? ஸ்கேல் திருத்தவில்லை, நன்றி சொல்லிப் போனை வைத்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. திரையில் 160.

மறுநாள் காலை, மெய்ப்புப் பார்க்கும் அக்கா நான்கு தாள்களோடு வந்து நின்றார். அவர் சிவப்புப் பேனாவுக்கு முதலாளியே பயப்படுவார்.

"ஸ்கேல், இந்த வார்த்தைகளுக்குள்ள ஏதாச்சும் தகராறா?"

"ஏங்கக்கா?"

"ஒண்ணோட ஒண்ணு மூஞ்சி குடுக்காம இப்படித் தள்ளித் தள்ளி நிக்குதே!"

"புது எழுத்துருங்கக்கா. காத்தோட்டமா இருக்கும்."

"காத்தோட்டமா? நடுவுல சைக்கிளே ஓட்டலாம்."

ஸ்கேல் தன் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தார். அக்கா சொன்னது சரி. அளவுக் கோப்பைத் திறந்து பார்த்தால், சொல் இடைவெளிக்கான எண் மாற்றத்தில் விட்டுப்போயிருந்தது. நிரல் தன் இஷ்டத்துக்கு இருப்பதிலேயே குண்டான எழுத்தின் அகலத்தை அங்கே எழுதி வைத்திருந்தது. சரியான எண்ணைப் போட்டார். சொற்கள் சமாதானமாகி நெருங்கி நின்றன. பக்கம் அழகாகிவிட்டது.

மூலையில் 139.

ஸ்கேல் நாற்காலியில் சாய்ந்தார். வாழ்நாளெல்லாம் அளந்தே பிழைத்தவருக்கு, சாண் ஏறினால் முழம் சறுக்குவது என்றால் என்னவென்று அன்றுதான் கணக்காகப் புரிந்தது.

"டாக்டரம்மா, புத்தகம் இப்போ கொஞ்சம் சின்னதா இருக்கு."

"நேத்துதானே நீளம்னீங்க?"

"அது... கொழுப்பு போனதும் எலும்பு தெரியுது டாக்டரம்மா." வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எங்க தெரியுது?"

ஸ்கேல் பக்கங்களை வேகமாகப் புரட்டினார். எங்கே அதிக வெள்ளை இருக்கிறதோ அங்கேதானே சேர்க்க முடியும்? அகப்பட்டது. 'குதிரை' என்று ஓர் அத்தியாயம். ஒன்றரைப் பக்கத்தில் பொசுக்கென்று முடிந்துவிட்டிருந்தது.

"குதிரை அத்தியாயம். பாதியில நின்ன மாதிரி இருக்கு. மிச்சம் வெள்ளையா கெடக்கு."

இந்த முறை மாடும் இல்லை. மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அது வெளியில தெரியுதா?" என்றார் டாக்டரம்மா. குரல் இறங்கியிருந்தது.

"நல்லாவே தெரியுது," என்றார் ஸ்கேல், உண்மையாகவே. அளந்து வைத்திருந்தார், பதினொரு சென்டிமீட்டர். "இன்னும் இருபத்தோரு பக்கம் வந்தா சரியா இருக்கும்."

"சரி. நாலு நாள் குடுங்க."

நான்காம் நாள் ஓர் உறை வந்தது. உள்ளே கையெழுத்தில் எழுதிய தாள்கள். தட்டச்சு செய்யும் பெண் விடுப்பில் இருந்ததால், ஸ்கேல் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஞாயிற்றுக்கிழமை மதியம் தானே அடிக்க உட்கார்ந்தார். அடிக்க வேண்டுமென்றால் படித்தாக வேண்டும். வேறு வழியில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு வண்டிக்காரர் தன் குதிரைக்கு வயிற்று வலி என்று வந்து நின்றிருக்கிறார். டாக்டரம்மா களைப்பில், "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். குதிரைக்கு நாளை என்பது இருக்கவில்லை. வண்டிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. செத்த குதிரையை அங்கேயே விட்டுவிட்டு, வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து போனார். அன்றிலிருந்து 'நாளைக்கு' என்ற சொல்லை யாரிடமும் சொன்னதில்லை என்று எழுதியிருந்தார் டாக்டரம்மா.

"என்னங்க, ஏன் அழறீங்க?" மனைவி கரண்டியோடு ஓடி வந்தார். "யாராச்சும் போயிட்டாங்களா?"

"குதிரை."

"எந்தக் குதிரை?"

"போய் முப்பத்தி மூணு வருஷம் ஆச்சு."

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஜுரம் இல்லை. தாள்களை வாங்கி நின்றபடியே படிக்கத் தொடங்கி, பிறகு உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் இருந்தது தீய்ந்து கரியாயிற்று. அன்று இருவரும் வெறும் ரொட்டிதான் சாப்பிட்டார்கள். இருவருக்கும் அது குறையாகவே தோன்றவில்லை. சாயங்காலம் ஸ்கேல் முதல் பக்கத்திலிருந்து முழுப் புத்தகத்தையும் படித்தார். அவர் கோத்த புத்தகங்களில் அவர் படித்த முதல் புத்தகம் அதுதான்.

திங்கட்கிழமை. 160. முதலாளி அச்சிட்ட தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஏய்யா ஸ்கேல், மேல் வரியோட காலு கீழ் வரி தலையை மிதிக்குதே?"

மிதித்தது. 'ணு', 'ஞு' எல்லாம் எவ்வளவு கீழே தொங்கும் என்கிற எண்ணையும் அந்தப் பாழாய்ப்போன நிரல் பூஜ்யமாக்கியிருந்தது. யாருக்கும் காலே கிடையாது என்று நம்பி மென்பொருள் வரிகளை அடுக்கியிருந்தது. ஸ்கேல் சரியான எண்களைப் போட்டார். வரிகள் மூச்சுவிட்டன. பார்க்கக் கண்கொள்ளாமல் இருந்தது.

172.

போனை எடுத்தவருக்குக் கையில் ஸ்கேலும் இல்லை, எதிரே பொருளடக்கமும் இல்லை.

"டாக்டரம்மா, கடைசி அத்தியாயம். 'இளம் மருத்துவர்களுக்குச் சில அறிவுரைகள்'. அது வேணாம்."

"ஏன் தம்பி? ராத்திரி பகலா யோசிச்சு எழுதினது."

"குதிரையைப் படிச்சவங்களுக்கு அதுக்கப்புறம் அறிவுரை தேவைப்படாது."

டாக்டரம்மா சரி என்றார். போனை வைத்த பிறகுதான், அந்த அத்தியாயம் எத்தனை பக்கம் என்றே பார்க்காமல் பேசிவிட்டது ஸ்கேலுக்கு உறைத்தது. பதறிப்போய்ப் பார்த்தார். பதின்மூன்று. ஒரு பக்கம் மிச்சம். அதற்கு டாக்டரம்மா ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினார்: 'அன்று வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு போனவருக்கு.' அதைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், நட்டநடுவில் வைத்தார் ஸ்கேல். அளக்காமலே நடுவில் அமைந்தது.

160.

மறுநாள் டாக்டரம்மாவே பதிப்பகத்துக்கு வந்துவிட்டார். முதலாளி எதிரே உட்கார்ந்து, "உங்க எடிட்டர் மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்ல சார்," என்றார்.

"எடிட்டரா? நம்மகிட்ட ஏது?" முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். அறையில் ஸ்கேலைத் தவிர யாரும் இல்லை.

ஸ்கேலுக்கு மனது தாங்கவில்லை. "டாக்டரம்மா, ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் சொன்னதெல்லாம் ஒண்ணும் யோசிச்சுச் சொன்னது இல்ல. அளவுக் கோப்புன்னு ஒண்ணு..."

"எனக்கு அதெல்லாம் புரியாது தம்பி," என்று கையமர்த்தினார் டாக்டரம்மா. "எங்க வலிக்குதுன்னு எந்த மாடும் சொல்லாது. கை வெச்ச எடத்துல துள்ளினா அதான் எடம். நீங்க மூணு தடவை கை வெச்சீங்க. மூணு தடவையும் நான் துள்ளிட்டேன்."

அவர் போன பிறகு முதலாளி ஸ்கேலை மேலும் கீழும் பார்த்தார். "இருபது வருஷமா இதை எங்கேய்யா ஒளிச்சு வெச்சிருந்தே? இனிமே எந்தப் புத்தகம் வந்தாலும் முதல்ல நீ படி. அப்புறம் கோத்துக்கலாம்."

ஸ்கேல் பைண்டர் கூடத்துக்கு நடந்தே போனார். கால் தரையில் பாவவில்லை. பசை வாசனைக்கும் காகிதச் சீவல்களுக்கும் நடுவே பைண்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஸ்கேல் தாள்கட்டை அவர் மேஜையில் வைத்துத் தட்டினார்.

"அண்ணே, நூத்தி அறுபது! ஒரு பக்கம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அட்டைக்குள்ள அடங்கணுமேன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எடுங்க அட்டையை, போட்டுப் பாத்துடலாம்."

பைண்டர் டீ கிளாஸைத் தூக்கினார். அடியில், நான்காக மடித்த ஒரு சீட்டு, மேலே பழுப்பு வட்டங்களோடு இருந்தது. அதைப் பிரித்து மேஜையில் நீவிவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எந்த அட்டை ஸ்கேலு? 'முடிஞ்ச மாதிரி'ன்னா முடிஞ்சதாயிடுமா? உள்பக்கம் கைக்கு வராம நான் என்னைக்கு அட்டை அடிச்சிருக்கேன்? இப்போ சொல்லு, முதுகு எத்தனை வெக்கட்டும்?"