செம்பு வளையம் விழுங்கிய புகை

ஃப்ரைபுர்க் சந்தைச் சதுக்கத்தில் அந்தச் சனிக்கிழமை தள்ளுமுள்ளு. பூசணிக்காக அல்ல, புது ஒயினுக்காகவும் அல்ல. புகையை அடக்கும் மகான் ஒருவர் கடை விரித்திருந்தார்!

பெயர் டாக்டர் லோட்டார் வென்ஸ்கே. எதில் டாக்டர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயருக்கு முன்னால் அந்த ஒரு வார்த்தை இருந்தால் போதும், எங்கள் ஊரில் எழுந்து நின்று கைகொடுப்பார்கள். அவர் விற்றது செம்பு வளையம். விலை ஐந்நூறு யூரோ. கொதிகலனின் எண்ணெய்க் குழாயில் மாட்டினால் கரியமில வாயு சாந்தமாகி, இருக்கிற இடம் தெரியாமல் அடங்கிவிடுமாம். கூரையெல்லாம் சூரியத் தகடு பதித்தவர்கள், கொட்டும் மழையிலும் சைக்கிளில் போகிறவர்கள், வரிசையில் நின்று வாங்கினார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. நகராட்சி எங்கள் தெருவில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் பதிக்கிறது. அதில் இணைந்தால் எங்கள் கட்டடத்தின் பழைய எண்ணெய்க் கொதிகலனைத் தூக்கி எறிந்துவிடலாம். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் எட்டுக் குடும்பமும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தை மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கொதிகலனுக்கு நேர் மேலே என் வீடு. என் மகள் ஃப்ரீடாவுக்கு மூச்சிரைப்பு. போன குளிர்காலம் முழுக்கச் சன்னலோரம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள்.

"பள்ளம் எதுக்கு, தூசி எதுக்கு மார்லீஸ்?" என்றார் குடியிருப்போர் தலைவர் ஹார்ட்மூட். "நம்ம கொதிகலனுக்கு வளையம் மாட்டி மூணு நாள் ஆச்சு. வீடே இதமா இருக்கு!"

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திய புண்ணியவான் இவர்.

வியாழன் மாலை குடியிருப்போர் கூட்டம். வென்ஸ்கேயே வந்து நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். புகைபோக்கி துடைக்கும் இம்கேயும் வந்தாள். கறுப்பு உடை, பளபளக்கும் பித்தளைப் பொத்தான். அதிர்ஷ்டம் வருமென்று ஆளாளுக்கு அந்தப் பொத்தானைத் தடவினார்கள்.

"தடவினது போதும், தேஞ்சுடப் போகுது," என்றாள் அவள். "மதியம் புகையை அளந்தேன். போன வருஷம் எவ்வளவோ இப்பவும் அவ்வளவேதான்."

வென்ஸ்கே சிரித்தார். "அம்மணி, உங்க கருவி புகையை அளக்கும். புகையோட மனசை என் குண்டுதான் அளக்கும்." நூலில் கட்டிய ஒரு வெள்ளிக் குண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"வளையம் வேலை செஞ்சா அது என்ன பண்ணும்?"

"வலப்பக்கமா சுத்தும். இல்லைன்னா இடப்பக்கம்."

"தப்பாதா?"

"இருபது வருஷமா தப்பினதே இல்லை."

"நல்லதாப் போச்சு. ஹார்ட்மூட் சார், நீங்க மட்டும் என்கூட நிலவறைக்கு வாங்க."

ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள். ஹார்ட்மூட்டின் முகத்தில் ஈயாடவில்லை.

"இப்ப பாருங்க டாக்டர்," என்றாள் இம்கே.

சுவரோர ஹீட்டருக்கு மேல் குண்டு தொங்கியது. வலப்பக்கமாகச் சுழன்றது. ஜோராகச் சுழன்றது!

"ஆகா! வளையம் முழு வேகத்துல வேலை செய்யுது! புகை கைக்குழந்தை மாதிரி தூங்குது!"

கைதட்டல். "எனக்கு உள்ளங்காலெல்லாம் சூடேறுது," என்றாள் மாடிவீட்டு உர்சல்.

"ஹார்ட்மூட் சார், உங்க கோட்டுப் பையில என்ன இருக்கு?"

அவர் வெளியே எடுத்தார். வளையம்.

"குழாய்ல இல்லை," என்றார் ஈனக்குரலில். "கொதிகலனும் எரியலை."

"மதியம் அளந்து முடிச்சதுமே அணைச்சாச்சு," என்றாள் இம்கே. "யாராவது அந்த ஹீட்டரைத் தொட்டுப் பாருங்களேன்."

உர்சல் தொட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

"சந்தேகப்படுறவங்க முன்னால வளையம் வேலை செய்யாது!" என்று வென்ஸ்கே கத்தினார்.

"முழு வேகத்துல வேலை செய்யுதுன்னு இப்பதானே சொன்னீங்க?" என்றாள் இம்கே.

மகான் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனவர்தான், ஆளையே காணோம்.

ஹார்ட்மூட் என் பக்கம் திரும்பினார். "மார்லீஸ், குழந்தை இருமுறது எனக்கு ராத்திரியெல்லாம் கேட்கும். கேட்டும் புத்தி வரலை." முதல் கையெழுத்து அவருடையது. எட்டும் விழுந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி என் பெண் படுத்துத் தூங்குவாள்.

மறுநாள் காலை முற்றத்தில் ஒரே சத்தம். வளையத்தை எந்தக் குப்பைத்தொட்டியில் போடுவது? மஞ்சள் தொட்டியா, கறுப்புத் தொட்டியா, பழைய உலோகம் வாங்கும் நகராட்சிக் கிடங்கா? நகராட்சிக் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வாதாடினார்கள்.

தூக்கி எறிய இவ்வளவு யோசிக்கிறீர்களே மகாஜனங்களே, வாங்கும்போது அதில் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?