ஏரிக்குப் போட்ட ஊதாச் சாயம்

அன்புள்ள பிளம்பர் மச்சானுக்கு,

உன் அக்காவின் கணவன், ஓய்வுபெற்ற சாயப்பட்டறை மேஸ்திரி எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் சுகம், தரையும் காய்ந்திருக்கிறது. வீடு கட்டியபோது நீ போட்டுக் கொடுத்த குழாய்கள் இருபது வருஷமாக ஒரு சொட்டு கசியவில்லை, உன் கைராசி அப்படி.

"வயசான காலத்துல சும்மா இருங்க அத்தான்" என்று போனில் புத்தி சொன்னாயே, கேட்டுக்கொள்: உன் அத்தான் ஜெயித்துவிட்டான்! ஏரிக்கரையில் பதினாலு மாடி கட்டியவர்கள், ஏரி நிரம்பினால் தண்ணீர் போகும் கால்வாயை மூடி கார் நிறுத்த இடம் பண்ணியதும், மழை பெய்தால் ஏரி கக்கூஸ் நாற்றத்தோடு எங்கள் அடுக்களைக்குள் வந்ததும், "இன்னொரு தடவை வந்தா வீட்டை வித்துட்டுத் தம்பிகிட்ட போயிடுவேன்" என்று உன் அக்கா பெட்டி கட்டியதும் உனக்கே தெரியும். ஏரி அதிகாரியோ, "ஒரு சொட்டுக் கழிவும் ஏரிக்கு விடலைன்னு அவங்க எழுதிக் கொடுத்திருக்காங்க, ஆதாரம் எங்கே பெரியவரே?" என்கிறார். ஆதாரமா? நாப்பது வருஷம் சாயத்துல ஊறின கைடா இது! வீடு வாங்குறவனாட்டம் சலவைச் சட்டை போட்டுக்கிட்டு அந்தப் பதினாலு மாடிக்கே போனேன். விற்பனைப் பொண்ணு பால்கனியைக் காட்டுது, நான் "கழிவறை எங்கம்மா?"ங்கறேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டு ரெண்டு கிலோ ஊதாச் சாயம் கொட்டி (மீனுக்கு ஒண்ணும் பண்ணாத சாயம்தான்), ஏழு தடவை தண்ணி விட்டேன். "சார், உடம்புக்கு ஏதாவது..."ன்னு பொண்ணு கதவைத் தட்டுது, பாவம். வெளியே வந்தா என் கை ரெண்டும் கத்திரிக்காய்.

அரை மணி நேரத்துல ஏரி ஊதா! கரையில அதிகாரி, பக்கத்துல நான், எதிரே கட்டடக்காரர். அவர் முகம் மட்டும் வெள்ளை. அன்னைக்கே குழாயை அடைச்சாங்க, மறுவாரம் கால்வாயைத் தோண்டிட்டாங்க. யார் வீட்டுக் கழிவுக் குழாய் ஏரியில கலந்தாலும் தயவுதாட்சண்யம் பாக்காம அடைக்கணும்னு உத்தரவுல நான்தான் சொல்லி எழுத வச்சேன். நேத்து கொட்டுன மழைக்குத் தண்ணி நல்ல புள்ளையா கால்வாய் வழியே போச்சு. உன் அக்கா பெட்டியைப் பிரிச்சுட்டா. தெருவே என்னைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடுது, சந்தோஷம் தாங்கலைடா!

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஊதா படிந்த இந்தக் கைகளின் ஆசிகள்.

இப்படிக்கு,
ஏரியை மீட்ட உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை மடிக்குமுன், பழைய சிவப்புச் சாய வாளியை நம்ம கழிவறையில கழுவி ஊத்தினேன். ஏரி இப்போ சிவப்பு. அதிகாரி வாசல்ல நிக்கறார், கையில என் உத்தரவு. உன் அக்கா மறுபடி பெட்டி கட்டறா. "நல்ல இடமாப் பாத்து விட்டிருக்கேன் அத்தான்"னியே, பாவி, குழாயை எங்கேடா விட்டே? கடப்பாரையோட உடனே வா.