மகள் டோக்கனில் நான்

டாக்டர் என் மகளிடம் "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால், "நல்லா இருக்கோம் டாக்டர்" என்று நான் பதில் சொல்வேன். தாரணிக்கு நாலு வயதில் சுகர் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகை; மாத்திரை கிடையாது, இன்சுலின் ஊசிதான். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு வாய் நான்தான். (ஊசி மட்டும் அவளுக்கு. அதையும் நான் வாங்கிக்கொள்ள வழியிருந்தால் வாங்கியிருப்பேன்.)

ராஜபாளையத்துக் குழந்தை டாக்டர் பொறுமைசாலி. பிளஸ் டூ முடித்த பெண், யானைப் படம் போட்ட குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டு, "போதும் சார், பதினெட்டு ஆயிருச்சு" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியவர்களுக்குப் பார்க்கும் சுகர் டாக்டர் ஒருவரின் பெயரைச் சொன்னார். "மதுரையில ஹாஸ்டலுக்குப் போற பிள்ளை. இனிமே அவளே பார்த்துக்கிடணும். அந்த டாக்டர்ட்ட அவளே பேசட்டும், நீங்க பேசாம இருந்தாப் போதும்."

தாரணியால் முடியாது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். புது டாக்டர் முன்னால் அவள் திணறினால் ஹாஸ்டல் வேண்டாம், வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். தாரணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

புதிய கிளினிக் பால்கோவாக் கடைகளுக்கு நடுவில் இருந்தது. (சுகர் டாக்டருக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.) எங்கள் டோக்கனைக் கூப்பிட்டதும் உள்ளே போய், டாக்டர் பக்கத்து ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். பழைய ஆஸ்பத்திரியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு அப்படித்தான் உட்காருவேன். பிள்ளை வளர்ந்து மடியை விட்டு இறங்கிவிட்டது. ஸ்டூல் மட்டும் எனக்கே நிலைத்துவிட்டது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். "சுகர் எந்த வயசுல வந்தது?" என்றார்.

"நாலு வயசுல."

என் நரைத்த தலையையும் தொப்பையையும் பார்த்தார். "அப்ப இருந்தே ஊசியா?"

"ஆமா டாக்டர். ஒரு நாள் விட்டதில்ல."

இத்தனை வருடம் உடம்பை இப்படிக் காப்பாற்றியவர்களைப் பார்ப்பது அபூர்வம் என்று பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, என் பாதத்தை ஒரு நைலான் இழையால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று அவர் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு டாக்டர் குனிந்து நம் காலைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது, ஆள் தப்பு என்று எப்படிச் சொல்வது? அவருக்குச் சங்கடமாகிவிடாதா? இன்னொரு காலையும் நீட்டினேன்.

நர்ஸ் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். சுவரோரம் நின்ற தாரணி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு, "டாக்டர், சுகர் எனக்கு. இவுக எங்கப்பா" என்றாள்.

டாக்டர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்காமல் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். நர்ஸ் விடவில்லை.

"அசையாதீங்க சார். பிரஷர் ரொம்பக் கூட இருக்கு, திரும்பப் பார்க்கணும். பேசுனா இன்னும் ஏறும்."

டாக்டர் இன்சுலின் அளவைக் கேட்டார். தாரணி சரியாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தாள். நான் வாயைத் திறந்தேன். நர்ஸ் பட்டையின் காற்றை இறக்கி, மறுபடி முதலிலிருந்து இறுக்கினார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். திறந்தேன். மறுபடியும் இறுகியது. (அந்தக் கை சாயங்காலம் வரை மரத்துக் கிடந்தது.)

"சுகர் இறங்குனா என்ன பண்ணுவே?"

"பிளஸ் டூ பரீட்சை சமயத்துல டியூஷன் விட்டு வரும்போது பஸ்லயே இறங்குச்சு டாக்டர். வேர்த்து, கை நடுங்குச்சு. பையில குளுக்கோஸ் இருந்துச்சு, சாப்பிட்டேன். செத்த நேரம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், சரியாயிருச்சு."

"வீட்ல சொன்னியா?"

அவள் என்னைப் பார்த்தாள். "சொல்லல. சொன்னா மறுநாள்ல இருந்து அப்பாவும் பஸ்ல கூடவே வருவாக."

வாயைத் திறந்தேன். நர்ஸ் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். போயிருப்பேன்தான்.

"நீ தாராளமா ஹாஸ்டல் போகலாம்" என்றார் டாக்டர். தாரணியின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, எனக்கென்று தனியாக ஒரு சீட்டுப் போடச் சொன்னார். மறுவாரம் பார்த்தபோதும் பிரஷர் குறையவில்லை, மாத்திரை ஆரம்பித்தார். அத்தனை வருடம் ஆஸ்பத்திரிக்கு நடந்தவன், ஒரு நாளும் என் கையை யாரிடமும் நீட்டியதில்லை. தப்பான ஸ்டூலில் உட்கார்ந்ததால் நீட்டினேன். அந்த டாக்டரையும் என்னை அசைய விடாத நர்ஸையும், எங்களை இதமாக வெளியே அனுப்பி வைத்த குழந்தை டாக்டரையும் நான் நன்றியோடு நினைக்காத நாள் இல்லை.

என் மனைவி வேறு விதமாக நினைக்கிறாள். "மகளுக்குச் சுகர் காட்டப் போனவுக, தனக்குப் பிரஷர் வாங்கிட்டு வந்தாக" என்று எல்லா விசேஷ வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. இப்போது சொந்தத்தில் யாருக்குக் கால் சுளுக்கினாலும், டாக்டரிடம் முதலில் என் காலைக் காட்டச் சொல்கிறார்கள்.

போன வாரம் தாரணி ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினாள். காலையில் சுகர் இறங்கியதாம், தானே பார்த்துக்கொண்டாளாம். நான் கேட்காமலே சொன்னாள்.

"சரிம்மா" என்றேன். மதுரை பஸ் ஏறவில்லை. அன்றைக்கு என் பிரஷரைப் பார்க்க மட்டும் யாரையும் விடவில்லை.